ஏழு நாள் சீட்டு

ஆகஸ்ட் 3, வியாழன்

புது பார்மசிஸ்ட் இன்று வந்து சேர்ந்தார். பெயர் ஹெப்சிபா. சாத்தான்குளம் பக்கம். வயது முப்பத்தைந்து இருக்கலாம். இதுவரை எங்கள் மெடிக்கலில் பார்மசிஸ்ட் என்றால் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்தான். அதன் சொந்தக்காரர் ஆயுத பூஜைக்கு வந்து பொரிகடலை வாங்கிப் போவார். போன மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி சான்றிதழைப் பார்த்துவிட்டு ஆள் எங்கே என்று கேட்டார். அதனால் இனி ஆளும் வேண்டும் என்றாகிவிட்டது.

முப்பத்தோரு வருடமாகச் சத்திரப்பட்டியில் இந்தக் கவுண்டரில் நிற்கிறவன் நான். எதிர்ச்சாரியிலிருந்து ஒருவர் ரோட்டைக் கடந்து வருவதற்குள் அவருக்கு வயிற்றுப்போக்கா மூட்டுவலியா என்று சொல்லிவிடுவேன். கண் என்றால் இன்னும் சுலபம். இது பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். ஊர் முழுக்கத் தறி, தறி முழுக்கப் பஞ்சுத் தூசி. ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்பிவிட்டு நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தம்மா வந்ததும் கண் மருந்து அடுக்கைத்தான் முதலில் பார்த்தார். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று வாங்குகிறவர்களிடம் சொல்கிறீர்களா என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். கேட்டால் சொல்வேன் என்பதுதான் உண்மை.

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். "ஆயிரம் பேரக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. இத்தன வருசம் ஒங்களுக்குக் கணக்கு எழுத ஆளில்லாம இருந்துச்சு" என்றாள். கட்டிய நாள் முதல் இதே வாய்தான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. காலையில் மூன்று பேர், மாலையில் பதினாறு பேர். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி. கவுண்டர் முன்னால் ஏதோ கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது.

கண் சிவந்து, காலையில் இமை ஒட்டி, மணல் விழுந்தாற்போல் உறுத்தினால் மெட்ராஸ் ஐ. சிவப்போடு அரிப்பு என்றால் அலர்ஜி. எரிச்சல், சாயந்திரமானால் அதிகம், செல்போன் பார்த்தால் இன்னும் அதிகம் என்றால் கண் வறட்சி. இமை ஓரத்தில் பொடுகு உதிர்ந்தால் அது வேறு. இதற்குப் படிப்பு எதற்கு?

ஹெப்சிபா ஒரு அட்டையில் மூன்று கேள்வி எழுதிக் கவுண்டரில் ஒட்டினார். வெளிச்சம் பார்த்தால் வலிக்கிறதா? பார்வை மங்கலாக இருக்கிறதா? கண்ணுக்குள்ளே குடைகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருந்து கிடையாது, ராஜபாளையத்துக் கண் டாக்டரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்குக் கண்ணீர் மாதிரியான சொட்டு, ஐஸ் தண்ணீரில் நனைத்த துணி, தனித் துண்டு, தனித் தலையணை, ஒரு வாரப் பொறுமை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்கிறார். பொறுமையை வாங்க யார் மெடிக்கலுக்கு வருவார்கள்? நான்கு பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

முத்தீஸ்வரி வந்தாள். தறிக்காரி குருவம்மாளின் மகள், இருபத்திரண்டு வயது. விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டம், பகலில் அம்மாவோடு தறிக்கூடத்தில் தார்க்குழலில் நூல் சுற்றுகிற வேலை, ராத்திரி படிப்பு. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தேறிவிட்டாள். மிச்சம் மெடிக்கல் டெஸ்ட் ஒன்றுதான், அக்டோபரில். அவள் காக்கி போட்டு ரோட்டில் நடந்து வந்தால் கவுண்டரை விட்டு இறங்கி சல்யூட் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளை இல்லாதவனுக்கு இப்படி ஒரு ஆசை.

அவளுக்குப் பஞ்சுத் தூசி ஆகாது. கண் அரித்துச் சிவந்துவிடும். நாலு வருடம் முன்னால் கல்யாண மண்டபத்தில் நடந்த கண் முகாமில் டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பச்சை மூடி போட்டது. போட்டால் மறுநாளே கண் பளிங்கு. அந்தச் சீட்டை அவள் மடித்து மடித்து வைத்து நாலாகப் பிளக்க இருந்தது. நான்தான் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னும் பத்துப் பேர் அவரவர் சீட்டுக்கு என்னிடம் சொல்லிப் போட்டுக்கொண்டார்கள். மழை, வியர்வை, எண்ணெய்க்கை எதற்கும் அசையாது.

வழக்கம்போலப் பச்சை மூடி எடுத்துக் கொடுத்தேன். ஹெப்சிபா சாப்பிடப் போயிருந்தார். போகும்போது வாசலில் நின்ற சைக்கிளில் இடித்துக்கொண்டாள். தேர்வு நினைப்பு.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். மிட்டாய். கோமதிக்கு மெட்ராஸ் ஐ. துண்டைப் பிரித்து வைத்தேன், வாயைப் பிரித்து வைக்க வழியில்லை.

ஆகஸ்ட் 19, சனி

இன்று என் நாள். தறி மேஸ்திரி சுந்தரவேலு அலறி அடித்துக்கொண்டு வந்தார். இடது கண்ணில் வெள்ளை முழுக்க ரத்தம். பார்க்கிறவர்கள் மயங்கி விழுவார்கள். வலி இல்லை, அரிப்பு இல்லை, பார்வையில் குறை இல்லை. இருமினீர்களா என்றேன். மூன்று நாளாக இருமல் என்றார். மேலே உள்ள சின்ன ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் தானே போய்விடும், மருந்தே வேண்டாம் என்றேன். ஆனாலும் பிரஷர் பார்த்தேன். நூற்று எண்பது. அதற்கு உடனே டாக்டரிடம் போகச் சொன்னேன்.

ஹெப்சிபா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். "படிச்சவங்களே பாதிப் பேரு பிரஷர் பாக்க மாட்டாங்க அண்ணாச்சி" என்றார். நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். வீட்டுக்கு வந்து கோமதியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சாயந்திரம் கண்கட்டியில் நாமக்கட்டி அப்பிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அதைக் கழுவச் சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம், நாளைக்கு நாலு தடவை, பிதுக்கக் கூடாது என்று நானும் ஹெப்சிபாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலையில் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் முத்தீஸ்வரி வந்திருக்கிறாள். ஹெப்சிபா சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அந்த மருந்து தர முடியாது என்று அனுப்பியிருக்கிறார். அரிப்புக்கு வேறொரு சொட்டு கொடுத்தாராம், மதுரைக்குப் போய் கண்ணில் பிரஷர் பார்க்கச் சொன்னாராம். நான் வரும்போது சீட்டின் ஜெராக்ஸை மேசையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். இதில் ஏழு நாள், பிறகு மீண்டும் வந்து காட்டவும் என்று எழுதியிருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்டார். ஒரிஜினல் சீட்டு, டாக்டர் கையெழுத்து, நானாக ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன்.

"அண்ணாச்சி, இந்தச் சீட்டு நாலு வருசத்துக்கு முன்னாடி எட்டாம் நாளே செத்துப்போச்சு. நீங்க பாடி கெடாம வச்சிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை புட்டி போயிருக்கும் என்று கேட்டார். எப்போதாவது வாங்குவாள் என்றேன். பச்சை மூடிக்குள் இருப்பது ஸ்டீராய்டு, அது அரிப்பை அடக்கும், விடாமல் போட்டால் சில பேருக்குக் கண்ணுக்குள் பிரஷரை ஏற்றும், வலியே இருக்காது, ஓரப் பார்வைதான் முதலில் போகும், அது போவது ஆளுக்கே தெரியாது என்றார். எல்லாம் படித்த பேச்சு. நாலு வருடமாக அந்தப் பிள்ளை கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்?

ஆகஸ்ட் 26, சனி

காலை நடை மைதானம் வழியாகப் போனேன். முத்தீஸ்வரி ஓடிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். புதுச் சொட்டு மெதுவாகத்தான் கேட்கும்போலிருக்கிறது. மதுரைக்குப் போக அம்மாவுக்குத் தறியை நிறுத்த முடியவில்லை என்றாள். அக்டோபர் வரைக்கும் இந்தக் கண்ணோடு எப்படி ஓடுவாள்? சட்டைப் பையில் ஒரு பச்சை மூடி இருந்தது. கொடுத்தேன்.

வளைவில் தடுக்கி விழுந்ததாக முழங்கையைக் காட்டினாள். இடது பக்கம் போட்டிருந்த கல்லைக் கவனிக்கவில்லையாம். ஓட்டத்தில் கவனம் வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

சரக்கு வந்தது. அடுக்கினேன்.

செப்டம்பர் 2, சனி

மத்தியானம் கூட்டமில்லை. பச்சை மூடிப் பெட்டி ஒன்றைப் பிரித்து உள்ளே மடித்திருக்கும் தாளை எடுத்தேன். முப்பத்தோரு வருடத்தில் அந்தத் தாளை நான் விரித்ததில்லை. ஆடுகிற ஸ்டூலுக்கு அண்டக் கொடுக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். எழுத்து கடுகைவிடப் பொடி. லென்ஸ் வைத்துப் படித்தேன். பத்து நாளுக்கு மேல் போட்டால் கண் பிரஷர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே ஹெப்சிபா சொன்னது எல்லாம் வரிசையாக இருந்தது.

முத்தீஸ்வரிக்கு மாதம் ஒரு புட்டி. பங்குனி, சித்திரை, வைகாசியில் இரண்டு. நாலு வருடம்.

ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். அலமாரிக் கண்ணாடியையும் துடைத்தேன். ஹெப்சிபா, உடம்பு சரியில்லையா அண்ணாச்சி என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 6, புதன்

முத்தீஸ்வரியை நானே போன் போட்டு வரச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார வைத்து, என் மூக்கையே பார், வேறெங்கும் பார்க்காதே என்றேன். சுவரில் மாட்டிய காலண்டரின் ராகுகால எழுத்துவரை முன்னமே படித்துக் காட்டிவிட்டாள். அதனால் பாதி தைரியம் வந்திருந்தது. வலது கண்ணைப் பொத்தச் சொல்லி, அவளுக்கு இடது பக்கம் தோள் உயரத்தில் இரண்டு விரலைக் காட்டினேன். சும்மா உட்கார்ந்திருந்தாள். எத்தனை விரல் என்று கேட்டேன்.

"வெரல வச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். என் மூக்குக்கு ஒரு சாண் தூரம் வந்த பிறகுதான் ரெண்டு என்றாள். அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஹெப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதக் கணக்கு, சட்டைப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தது, சைக்கிள், கல், எல்லாம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மதுரை போவோம், வரும்போது அவள் பழைய புட்டிகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார்.

செப்டம்பர் 9, சனி

மதுரைக் கண் ஆஸ்பத்திரி. நான், ஹெப்சிபா, முத்தீஸ்வரி, குருவம்மாள். காலை ஏழுக்குப் போய் மாலை நாலுக்கு முடிந்தது. முகவாயை ஒரு கருவியில் வைத்துப் பக்கத்தில் மின்னும் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். வெளியே இருந்து கேட்டேன். இடது கண்ணுக்கு நெடுநேரம் பொத்தான் சத்தமே இல்லை.

கண் பிரஷர் இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டுமாம். இவளுக்கு இடதில் முப்பத்தெட்டு, வலதில் முப்பத்திரண்டு. இடது கண் நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, வலதில் இப்போதுதான் ஆரம்பம் என்றார் டாக்டர். நேரே உள்ளது தெரியும், எழுத்துப் படிப்பாள், இடது ஓரம் இல்லை. போனது வராது. இருப்பதைக் காப்பாற்றலாம். பிரஷரை இறக்கும் சொட்டு மருந்தை விடாமல் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். பச்சை மூடியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். யார் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். அவர் எழுதத் தொடங்கினார்.

வராந்தாவில் குருவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள் என்றாள். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். முத்தீஸ்வரி லேமினேஷன் சீட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஏழு நாள்னா எழுதியிருக்கு அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு வெறுங் கிறுக்கலாத்தான் தெரிஞ்சுச்சு. ஒங்களுக்குப் படிக்கத் தெரியும்ல?"

"தெரியும்மா."

அதன் பிறகு ஊர் வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். பஸ்ஸில் இறங்கும்போது சீட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அந்தச் சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். கையால் முடியவில்லை. கோமதியின் தையல் கத்தரியால் வெட்டினேன். கோமதி ஏன் என்று கேட்கவில்லை. நான் அழுதேன்.

செப்டம்பர் 14, வியாழன்

மிச்சம் பத்துச் சீட்டு ஊருக்குள் இருக்கிறது. யார் யாரிடம் என்று எனக்கு மனப்பாடம். எல்லாமே பச்சை மூடி இல்லை. ஆனாலும் எல்லாம் காலாவதி. வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போகிறேன். என்ன அண்ணாச்சி, போட்டுக் கொடுத்ததும் நீங்கள், பிடுங்குவதும் நீங்களா என்று ஒருவர் கேலி செய்தார். தப்பாகக் கொடுத்துவிட்டேன், ஒரு பிள்ளைக்குக் கண் போய்விட்டது, நீங்கள் போய்க் கண் பிரஷர் பாருங்கள் என்று சொன்னேன். கேலி நின்றது. சொல்லிச் சொல்லி எனக்கும் அந்த வாக்கியம் பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். வெளியே பேசாதே என்றார். பேசிவிட்டேன் என்றேன். கண் மருந்து அடுக்குச் சாவி இனி ஹெப்சிபாவிடம்.

செப்டம்பர் 25, திங்கள்

பத்தில் ஒன்பது வாங்கிவிட்டேன். ஆறு பேர் டெஸ்ட் பார்த்தார்கள். ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. பால்கார வேலுச்சாமிக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, நரம்பு தப்பித்தது. பத்தாவது சீட்டுக்காரர் திருப்பூர் போய்விட்டார். போன் நம்பர் கேட்டு அலைகிறேன்.

அக்டோபர் 12, வியாழன்

முத்தீஸ்வரிக்கு இன்று மெடிக்கல் டெஸ்ட். கடைசி வரி எழுத்துவரை படித்தாளாம். கலர் எல்லாம் சொன்னாளாம். ஓரப் பார்வையில் கழித்துவிட்டார்கள். ஹெப்சிபாவுக்குத்தான் போன் செய்து சொன்னாள். ஹெப்சிபா என்னிடம் சொல்லிவிட்டு ஸ்டாக் நோட்டை எடுத்துக்கொண்டார். கடையைப் பூட்டும்வரை நான் யாரையும் பார்த்து இன்ன நோய் என்று சொல்லவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 14, சனி

குருவம்மாள் வீட்டு வாசல்வரை போனேன். தறிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 19, வியாழன்

சாயந்திரம் முத்தீஸ்வரி வந்தாள். பிரஷர் சொட்டு முடிந்துவிட்டது. புதுச் சீட்டை ஹெப்சிபாவிடம் நீட்டினாள். நான் கவுண்டருக்கு வெளியே மாத்திரை அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு இடது பக்கம், மூன்றடி தூரம்கூட இல்லை. அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஹெப்சிபா, சொட்டு விட்டதும் மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் தலையாட்டினாள். வயர்லெஸ் பயிற்சியோ என்னவோ, ஓரப் பார்வை தேவைப்படாத வேலைக்கு வேறொரு தேர்வு எழுதப் போவதாகச் சொன்னாள். என்னைத் தெரியவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வலதிலும் போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயம் வந்தது.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, பின்னால் சுற்றி வந்து வலது பக்கம் நின்றேன். நான்தாம்மா, வைரவன் என்றேன், குருடர்களிடம் பேர் சொல்கிற மாதிரி.

அவள் மருந்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"வரும்போதே பாத்துட்டேன் அண்ணாச்சி. தலையத் திருப்பித் திருப்பிப் பாத்து நடக்கப் பழகிட்டேன். நீங்க நின்னதப் பாத்துட்டுத்தான் அக்காகிட்டப் பேசுனேன்."

ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டார். அவள் படியிறங்கி, இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்த்து, வாசலில் நின்ற சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போனாள். எதிலும் இடிக்கவில்லை.

அடுத்த செக்கப் டிசம்பர் 9. டைரியில் அந்தத் தேதியில் எழுதி வைத்திருக்கிறேன். கூட ஹெப்சிபா போவார், நான் போகக் கூடாது, அவளுக்குப் பிடிக்காது. என்னோடு பேசாமலே இருக்கட்டும். இன்று என்னைப் பார்த்திருக்கிறாள்.